காலியாகப் போன நாற்காலிகள்

"என் தம்பி யாரையும் ஏத்தலைன்னு சொல்றான்ல…"

"அப்போ பிளாமென் பறந்தா வந்தான், யோவானா? அவன் கால…"

"அவன் பேர நீ எடுக்காத."

காலை எட்டு மணி. மலையில் பனிச்சறுக்குப் பருவம் இன்னும் தொடங்கவில்லை. முதல் பெரும்பனி முந்தின இரவு தொடங்கி விடிந்த பிறகும் மாவு மாவாகக் கொட்டி, காலடித் தடங்களை மூடியிருந்தது. லிஃப்ட் நாற்காலிகள் உச்சியைத் தொட்டுத் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஊசியிலை மரத்தடிப் பள்ளத்தில் தலைகீழாகச் செத்துக் கிடந்தான் மலைக்காவலன் பிளாமென், யோவானாவின் கணவன். அவளோடு மல்லுக்கு நின்ற கலோயன் அவனுடைய கூட்டாளிக் காவலன். லிஃப்டில் ஏறி வந்து, இடது காலைப் பனிப்பலகையில் மாட்டியபடியே, வலது காலால் உந்தி உந்தி வந்து சேர்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் ராலிட்சா இருவரையும் பேசவிட்டுவிட்டுக் குனிந்தாள். பிணத்தின் இடது கால் பலகை வாரில் இறுகக் கட்டியிருந்தது. வலது கால் வெறுமனே கிடந்தது. வாரை அவிழ்த்து இரண்டு பூட்ஸின் அடியையும் பார்த்தாள். வலது புதுசு மாதிரி இருந்தது. இடது, விரல் பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

லிஃப்டில் ஏறி இறங்கும்போது பலகைக்காரர்கள் முன்னங்காலை மட்டும்தான் கட்டியிருப்பார்கள்; அதனால் ஒரு காலைக் கட்டி மறு காலை விட்டால் லிஃப்டில் வந்து இறங்கியவன் என்று அர்த்தம். அதனால்தான் லிஃப்ட் ஓட்டும் அசேன், யோவானாவின் தம்பி, கையில் விலங்கோடு நின்றான். திறக்காத சரிவில் ஆளை ஏற்றிச் சாகவிட்டால் சிறைதான். விடியலில் சோதனைக்கு ஓட்டினேன், எல்லா நாற்காலியும் காலியாகத்தான் போனது என்று அவன் சத்தியம் செய்தான். காலி நாற்காலி என்றதும் கான்ஸ்டபிள் சிலுவை போட்டுக்கொண்டான். போன குளிரில் நெவேனா என்ற பெண், கயிறு கட்டி மூடியிருந்த இந்தச் சரிவில் பனிக்குள் புதைந்து போனதிலிருந்து, மூடுபனிக்குள் நாற்காலிகள் ஆளில்லாமல் ஏறினால் ஊரில் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள்.

"பலகையில போயிருக்கியா, அசேன்?"

"எனக்கு ரெட்டைக் கட்டைச் சறுக்குதான் மேடம். இத மாட்டக்கூடத் தெரியாது."

கலோயனைக் கேட்டாள். கீழ்க் குடிசையில் தூங்கினானாம். யோவானாவைக் கேட்டாள். கணவன் வாரக்கணக்கில் தூங்கவில்லை என்றாள். பனிக்கு அடியிலிருந்து அந்தப் பெண் தட்டுகிறாள் என்று எழுந்து உட்காருவானாம். நேற்று மட்டும் நிதானமாக, அன்றைக்குத் தடுப்புக் கயிற்றைத் தூக்கி நெவேனாவை உள்ளே விட்டது யார் என்று நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்றானாம்.

ராலிட்சா நிமிர்ந்தாள்.

"அசேன் உண்மையத்தான் சொல்றான். பிளாமென் லிஃப்ட்ல வரல, பலகையத் தோள்ல சுமந்துட்டு நடந்து வந்திருக்கான். பலகைக்காரன் முன்னங்காலக் கட்டிட்டுப் பின்னங்காலாலதான் உந்துவான். உந்துற கால் பூட்ஸ்தான் தேயும். பிளாமெனுக்குத் தேஞ்சது இடது. அப்போ வாருக்குள்ள இருக்கவேண்டியது வலது. செத்தப்புறம் யாரோ மாட்டியிருக்காங்க. மாட்டத் தெரிஞ்ச ஆளு. ஆனா பதட்டத்துல, தன் கால் பழக்கத்துக்கு மாட்டிட்டாரு."

அவள் பார்வை இறங்கிய இடத்துக்கே எல்லார் பார்வையும் இறங்கியது. கலோயன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். வாரை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். கயிற்றைத் தூக்கியது அவன்தான். பிளாமென் பார்த்துவிட்டான். அவள் செத்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே போலீசுக்குப் போகலாம் என்று இருட்டோடு கூட்டிவந்தான். மரத்தடியில் குனிந்தபோது கலோயன் பின்னாலிருந்து தள்ளினான். அந்த மாவுப் பனியில் தலைகீழாக விழுந்தவன் எழ முடியாது. அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். கீழே லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டதும்தான் பலகை யோசனை வந்தது.

கான்ஸ்டபிள் அசேனின் விலங்கைக் கழற்றினான். தம்பி கையை நீட்டினான். யோவானா அதைக் கவனிக்கவில்லை. கலோயனுக்கு எதிரே போய் நின்றாள்.

"பக்கத்துலயே நின்னியே… பனிக்குள்ளயிருந்து அவன் கூப்பிட்டது என் பேரையா, உன் பேரையா?"