புத்தகத்தில் இல்லாத எண்கள்

திங்கட்கிழமை காலை. விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்த பொருளாதாரத் துறைத் தலைவர் ஓஸ்வால்ட், பாதியில் பேனாவை மூடி வைத்தார். அவர் கையில் இருந்தது மூன்றாம் ஆண்டு மாணவி ஸ்வர்ணாவின் தாள். ஸ்வர்ணாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது. அப்படி எழுதப்படும் தாள்களைத் துறைத் தலைவர்தான் திருத்துவது வழக்கம்.

கேள்வி, பாடப்புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்திலுள்ள ஒரு வட்டப் படத்தைப் பற்றியது. ஒரு நகரத்து வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் படம். ஸ்வர்ணா எழுதியிருந்தாள்: குழாய் 42 சதவீதம், ஆழ்துளைக் கிணறு 31, லாரி 18, மற்றவை 12.

விடைக்குறிப்பிலும் அதே நான்கு எண்கள், அதே வரிசையில் இருந்தன. ஓஸ்வால்ட் புத்தகத்தைப் புரட்டினார். படத்தில் நான்கு நிறங்கள் மட்டும்தான். எண் ஒன்றுகூட அச்சிடப்படவில்லை.

விடைக்குறிப்பு, உறையில் முத்திரையிட்டு அவருடைய அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. அன்று காலை அவரே முத்திரையை உடைத்திருந்தார். அதுவரை அது கலைந்திருக்கவில்லை. அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு எண்கள் எப்படித் தெரிந்தன?

மாலைக்குள் ஸ்வர்ணாவின் லேப்டாப்பும் பென்டிரைவும் வாங்கி சீல் வைக்கப்பட்டன. குற்றம் உறுதியானால் ஓர் ஆண்டு தேர்வு எழுத முடியாது. மேற்படிப்புக்கு அவளுக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும். விசாரிக்கும் பொறுப்பை, அதே அரசுக் கல்லூரியில் சட்டம் கற்பிக்கும் பிரிஸில்லாவிடம் முதல்வர் ஒப்படைத்தார். ஆஸ்டின் டவுன் பகுதிக்காரர். குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்பதில் பெயர் பெற்றவர்.

செவ்வாய்க்கிழமை அவர் முதலில் பேசியது ஸ்வர்ணாவிடம்.

"அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சும்மா?"

"புக்லேர்ந்து மேடம்."

"புக்ல இல்லையே."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நான் காதால கேட்டேன் மேடம். ரெண்டு தடவ கேட்டேன்." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "இப்போ எனக்கே டவுட்டா இருக்கு. கேட்டேனா, கேட்ட மாதிரி நானே நெனச்சுக்கிட்டேனான்னு."

தொம்மலூர் வீட்டில் இரவெல்லாம் அம்மா தூங்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள். பிரிஸில்லாவுக்கு ஒன்று உறுத்தியது. அச்சடித்த விடைக்குறிப்பைத் திருடினாலும் இவளால் அதை வாசிக்க முடியாதே. வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நோயல்தான் என்று ஓஸ்வால்ட் சந்தேகப்பட்டார். கல்லூரியின் வாசிப்பு உதவி மையத்தை நோயல் நடத்திவந்தான். பார்வையற்றவர்கள், எழுத்துகள் குழம்பித் தெரிகிறவர்கள், பக்கம் புரட்டக் கை வராதவர்கள் எல்லோருக்கும் பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து, கணினி குரலில் வாசிக்கும்படி மாற்றித் தருவது அந்த மையத்தின் வேலை. நோயல் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒருமுறை ஓஸ்வால்டின் அறைக் கணினியைச் சரிசெய்யப் போயிருந்தான். அதைப் பிரிஸில்லாவிடம் அவனே ஒப்புக்கொண்டான். ஆறாம் அத்தியாயத்தின் கோப்பைத் திறந்து 42 என்று தேடிக் காட்டினான். இல்லை. 31 இல்லை. 18 இல்லை.

"பாத்தீங்களா மேடம், ஒண்ணுமே இல்ல. ஸ்வர்ணா பொய் சொல்ற பொண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல," என்றான்.

பிரிஸில்லாவுக்கும் புரியவில்லை. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்த பேராசிரியர் சிவசங்கரனைப் பார்க்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். மதியம் வரச் சொல்லிக் குரல் பதிவாகப் பதில் வந்தது.

சிவசங்கரன் இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். புத்தகம் எதுவும் கையில் இல்லாமலே பாடம் நடத்துவார் என்று மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பிரிஸில்லா விடைத்தாளை அவர் முன் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. "நீங்களே வாசிங்க மேடம், நான் கேக்கறேன்," என்றார். வாசித்து முடித்ததும், அந்த எண்களைத் தான் படத்தை அளந்து கணக்கிட்டதாகவும், வேறு யாருக்கும் சொல்லவில்லை என்றும் கூறினார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட, எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடி முகத்தில்தான் இருந்தது. கையெழுத்து கோட்டைத் தாண்டிக் கீழ்வரியின் மேல் ஏறியது.

புதன்கிழமை பிரிஸில்லா மறுபடி மையத்துக்குப் போனார். முந்தின நாள் முழுக்க எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், கோப்பைப் பார்த்தார்கள். ஸ்வர்ணா சொன்னதோ, கேட்டேன் என்று.

"தேட வேணாம் நோயல். அது பாட்டுக்கு வாசிக்கட்டும்."

குரல் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டே வந்தது. வட்டப் படம் வந்த இடத்தில் நிற்காமல் தொடர்ந்தது: படம், நான்கு பகுதிகள், குழாய் நாற்பத்திரண்டு சதவீதம், ஆழ்துளைக் கிணறு முப்பத்தொன்று, லாரி பதினெட்டு, மற்றவை பன்னிரண்டு.

நோயல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். படத்துக்குப் பின்னால் விவரிப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. கண்ணால் பார்க்கிறவர்களுக்குப் படம் மட்டும் தெரியும். தேடினாலும் அகப்படாது. வாசிக்கும் மென்பொருள் மட்டும்தான் அதைச் சொல்லும். எழுதியது முன்பு மையத்தில் உதவிய டீனா. போனில் கேட்டபோது அவள் தயங்காமல் சொன்னாள்: "நாலு கலர்னு சொன்னா அவங்களுக்கு என்ன புரியும்? அதான் கோணமானி வெச்சு அளந்து போட்டேன்."

பிரிஸில்லாவின் குழப்பம் இப்போது இரட்டிப்பானது. ஸ்வர்ணா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் பூட்டிய அலமாரியிலிருந்த விடைக்குறிப்பு இந்தக் கோப்போடு எப்படி ஒத்துப்போகிறது? விடைக்குறிப்பைப் பார்த்த யாரோ எண்களைக் கோப்பில் நுழைத்துவிட்டார்களா? கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தார். ஜூலை. விடைக்குறிப்பு தயாரானது அக்டோபரில். கோப்புதான் முந்தியது.

சிவசங்கரனும் டீனாவைப் போலவே அளந்திருக்கலாம் அல்லவா? வீடு திரும்பும் ஆட்டோ அடுகோடி சிக்னலில் நின்றபோது, பிரிஸில்லா அந்த எண்களை மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். ஒருமுறைக்கு இருமுறை கூட்டினார்.

வியாழக்கிழமை துறை அறையில் எல்லோரும் கூடினார்கள். வட்டப் படத்தின் கதையைப் பிரிஸில்லா முதலில் சொன்னார். ஸ்வர்ணா கண்களை மூடிக்கொண்டாள். தான் கேட்டது கனவு இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறுதியானது.

"அப்போ என் அலமாரியிலிருந்து எதுவும் போகலையா?" என்றார் ஓஸ்வால்ட்.

"எதுவும் போகல சார். மையத்து ஃபைல்லேர்ந்துதான் உங்க அலமாரிக்குள்ள வந்திருக்கு. நாலு நம்பரையும் கூட்டிப் பாருங்க."

ஓஸ்வால்ட் உதட்டை அசைத்துக் கூட்டினார். "நூத்தி மூணு."

"முழு வட்டம் நூறைத் தாண்டாது. டீனா அளந்ததுல தப்பு நடந்திருக்கு. ரெண்டு பேர் தனித்தனியா அளந்தா ரெண்டு பேருக்கும் அதே தப்பு, அதே நாலு நம்பர்ல வராது." பிரிஸில்லா திரும்பினார். "சிவசங்கரன் சார், நீங்க அளக்கல. ஸ்வர்ணா மாதிரி நீங்களும் கேட்டிருக்கீங்க. எழுதினத வாசிக்கறதில்ல, மெசேஜ் டைப் பண்றதில்ல, கையெழுத்துக்கு விரல் கேட்டீங்க. உங்களால அச்ச வாசிக்க முடியல. எவ்வளவு நாளா?"

சிவசங்கரன் மறுக்கவில்லை. சர்க்கரை வியாதியால் இரண்டு ஆண்டுகளாகவே பார்வை மங்கிவருவதாகச் சொன்னார். ஓரத்தில் நிழலாகத் தெரிவதை வைத்து நடமாடுகிறார். விடைத்தாள்களை மனைவி ருக்மிணி வாசிக்க, அவர் மதிப்பெண் போடுகிறார். மையத்தின் கோப்புகளைப் பாடத்துக்கு வேண்டும் என்று ஜூலையிலேயே டீனாவிடம் வாங்கி, கேட்டே தயாரித்தார். எண்கள் புத்தகத்தில் அச்சாகியிருப்பதாகத்தான் நம்பினார். திங்கட்கிழமை ஓஸ்வால்ட் சொன்ன பிறகே விஷயம் விளங்கியது.

"வெளங்கின அப்புறமும் சும்மா இருந்தீங்க," என்றார் பிரிஸில்லா.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன். ரிடையராக இன்னும் ஆறு வருஷம் இருக்கு. தப்புதான். தெரிஞ்சே செஞ்ச தப்பு." அவர் ஸ்வர்ணா இருந்த திசையை நோக்கிக் கைகூப்பினார். பிறகு, அவளால் அதைப் பார்க்க முடியாது என்பது நினைவுக்கு வந்தவர்போல, "கை கூப்பிக் கேக்கறேன்மா, மன்னிச்சிடு," என்றார்.

ஓஸ்வால்ட் லேப்டாப்பை எடுத்துவந்து சீலைப் பிரித்து ஸ்வர்ணாவின் கையில் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவினாள்.

"என்னால இப்போ மன்னிக்க முடியல சார். எங்கம்மா மூணு நாளா சாப்பிடல," என்றாள். "ஆனா ஒண்ணு. சர்வீஸ்ல இருக்கும்போது பார்வை போச்சுன்னா, அதக் காரணம் காட்டி வேலையவிட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

சிவசங்கரன் பிரிஸில்லாவின் பக்கம் திரும்பினார். உண்மைதான் என்றார் பிரிஸில்லா.

"சென்டர்ல யாரக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க சார்," என்றாள் ஸ்வர்ணா. "என்னைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்."