பிந்தி முளைத்த சாரணை

களைச்சுடுவான் கொட்டகைக்குத் திரும்பிய சில நாட்களிலேயே தங்கபுஷ்பத்தின் பருத்திக்காட்டில் சாரணைக் களை முளைத்துவிட்டது. இந்த வருஷமும் அப்படித்தான்.

விதைத்ததிலிருந்து செடிகள் நிழல் கட்டும்வரை அந்த ஆறுகால் இயந்திரம் சால் சாலாக நடந்து, தலைகாட்டும் களையை ஒளிக்கதிரால் பொசுக்கும். பிறகு அதற்கு ஓய்வு. முந்தி முளைக்கும் சாரணை, சுடாமல் விட்டால், பாயாகப் படர்ந்து ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பிந்தி வருவது நிழலில் சவலையாகி, ஏதோ பத்துப் பதினைந்து விதையோடு போய்விடும்.

"அதெல்லாம் கணக்குலயே வராது மதினி" என்பான், இயந்திரத்தைப் பராமரிக்கும் கொழுந்தன் இசக்கிமுத்து.

ஆனால் முந்தியவை பூக்குமுன்பே கருகிப்போக, பிந்தியவற்றின் விதை மட்டுமே மண்ணில் சேர்ந்துகொண்டிருந்தது. அவையும் பிந்தியே முளைத்தன. இப்போது பருத்தி வெடிக்கிற சமயத்தில் காடெல்லாம் சாரணை. எடுக்கிற பஞ்செல்லாம் பச்சைக் கறை. இயந்திரத்தைக் கூடுதல் நாள் ஓட்டியும் பார்த்தாள். வளர்ந்த செடிகளின் கிளை முறிந்ததுதான் மிச்சம். அதற்கும் பிந்தி வந்தவை தப்பித்துக்கொண்டன.

பொறுமை போய்விட்டது அவளுக்கு. முந்துகிற சாரணையால்தான் இந்தப் பிந்தியதைப் படர்ந்து அமுக்க முடியும். ஒரு வெள்ளாமைக் காலத்தை அதற்கே விட்டுக்கொடுத்தால், மண்ணை அதன் விதை நிறைத்துவிடும். அடுத்த வருஷம் முந்தி வருவதைச் சுடத்தான் இயந்திரம் இருக்கிறதே. ஆனால் அந்த விதை எங்கே கிடைக்கும்? அலைந்து திரிந்து, இயந்திரம் எட்டிப்பார்க்காத ரயில் பாதையோரத்தில் கண்டுபிடித்தாள். குனிந்து குனிந்து சேர்த்துவந்து, பருத்திக்குப் பதில் அதை விதைத்தாள். இசக்கிமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

முதல் மழைக்கே காடு பச்சைப்பாயாகிவிட்டது. அந்தப் பச்சையைக் கண்டு பக்கத்துக் காட்டு அருள்மணியின் களைச்சுடுவான் வரப்பேறி வந்தது. தங்கபுஷ்பம் கம்பை ஊன்றி அதை வழிமறித்தாள். அது இடப்பக்கம் நகர, அவளும் நகர்ந்தாள். களையைக் காக்கக் கம்பெடுத்து நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று எரிச்சலாக வந்தது.

ஓடிவந்த அருள்மணி இயந்திரத்தை நிறுத்திவிட்டு விஷயம் கேட்டான். அவள் சொல்லச் சொல்லச் சிரித்தான். பிறகு கறைபட்ட தன் பஞ்சு நினைவுக்கு வந்ததோ என்னவோ, சிரிப்பு நின்றுபோனது.

"விதை முத்துனதும் எனக்கும் ஒரு சாக்கு எடுத்து வைங்கக்கா" என்றான் தணிந்த குரலில்.

"மொதல்ல இது காயாம இருக்கட்டும்" என்றாள் தங்கபுஷ்பம். சாரணைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போடப் போனாள்.