இப்போது பார்ப்பவர்கள்

ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒருவர் இன்னும் போகவில்லை.

காலையில் பல் துலக்கும்போது பார்த்தாள், ஒருவர். மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஈரக் கையோடு போனை எடுத்தாள், அப்போதும் ஒருவர். வீட்டை விற்பதற்காகக் கொழுந்தன் செய்துகொடுத்த இணையதளத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம் இருந்தது. மேலே படம், அதன் கீழே, வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி, ‘இப்போது இந்த அறையைப் பார்ப்பவர்கள்’ என்று ஓர் எண். ஹாலைப் பார்க்க ஆள் வந்தால் நியாயம். ஜன்னல்கூட இல்லாத அறையில், ஒரு துருப்பிடித்த பீரோவையும் ஈரம் பூத்த சுவரையும், நேற்றிலிருந்து ஒரு மனிதர் கண்ணெடுக்காமல் பார்ப்பானேன்?

அந்த எண்ணை வெளியே காட்டும் யோசனையும் கொழுந்தனுடையதுதான். “காலியா கிடக்கிற ஹோட்டலுக்குள்ள நீங்க போவீங்களா அண்ணி? நாலு பேர் உட்கார்ந்திருந்தாத்தானே நாமளும் நுழையுறோம். ஆளுங்க பாக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும்” என்றான். அவளும் சரியென்றாள். கணவன் புது வேலைக்காக வேறு ஊர் போய், மகளையும் அங்கேயே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. வீடு கைமாறும்வரை ஆஸ்பத்திரி லேப் வேலையை விடாமல் இவள் மட்டும் தங்கியிருந்தாள். பார்க்க வந்தவர்கள் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனதோடு சரி. பாதிச் சாமான் ஏற்கெனவே லாரியில் போய்விட்டதால், தும்மினால்கூட வீடு ஒருமுறை திருப்பித் தும்மியது.

அன்று அவளுக்கு விடுமுறை. சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் அரிசி கொட்டுவதுபோல் தொடங்கி, பிறகு தெருவின் மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டு, பகலிலேயே தாழ்வாரத்து விளக்கைப் போடவைத்த மழை. மனம் அமைதிப்படாமல் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, ஸ்டோர் ரூம்ல ஒரு ஆளு வந்து உட்கார்ந்துட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குறாரே.”

அவன் சிரித்தான். “எவனாவது பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு அப்படியே தூங்கிப்போயிருப்பான் அண்ணி. நீங்க அந்த நம்பரையே பாத்துட்டு உட்காராதீங்க.”

அதுவும் சரிதான் என்று அவள் போனைக் கீழே வைக்கப்போனபோது எண் மாறியது. ஸ்டோர் ரூம், யாருமில்லை. சமையலறை, ஒருவர்.

சமையலறையில் குழாய் திறந்தது.

ஓரிரு நொடி பலமாகக் கொட்டிவிட்டு நின்றது. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று திறந்து பார்த்துவிட்டு இறுக்கி மூடுவார்கள். அவள் போய் நின்றபோது அங்கே யாருமில்லை. தொட்டி ஈரமாக இருந்தது. அவள் தட்டுக் கழுவிய சோப்பு வாசனையை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசனை. பல நாள் மடித்துவைத்த ஈரக் குடையை விரித்தால் வருவது.

போனைப் பார்த்தாள். வாசல், நான்கு பேர். ஹால், ஏழு பேர்.

மறுபடியும் கொழுந்தனைக் கூப்பிட்டாள். “எடுத்துடு தம்பி. அந்த சைட்டையே எடுத்துடு.”

“என்ன ஆச்சு அண்ணி? குரலே ஒரு மாதிரி இருக்கு.”

“முதல்ல எடு.”

விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. “எடுத்தாச்சு. இங்க எனக்கு வெத்துப் பக்கம்தான் வருது. உங்களுக்கு?”

அவளுடைய போனிலும் படங்கள் போயிருந்தன. வீட்டின் வர்ணனை போயிருந்தது. அறைகளின் பெயர்களும் எண்களும் மட்டும் நின்றன. ஹாலுக்கு எதிரே இருந்த எண் பதினொன்றாகியது.

“நீ கிளம்பி வாப்பா.”

“மழை கொஞ்சம் விட்டதும் வந்துடறேன்.”

“விடுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே வா.”

வெளியே போய்விட வேண்டும். பின்கதவை ஆள் வைத்து ஆணியடித்து மூடியது அவளேதான். தனியாக இருக்கப்போகிறவளுக்கு அதுதான் பத்திரம் என்று. இருப்பது வாசல் ஒன்றே. அதற்கு ஹாலைக் கடக்க வேண்டும். ஹால் வெறுமையாகக் கிடந்தது. சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. கண்ணுக்குத் தெரிவதை நம்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவள் காலை எடுத்து வைத்தாள். காற்று வெதுவெதுவென்று இருந்தது, நெரிசலான பஸ்ஸுக்குள் இருப்பதுபோல. இன்னோர் அடி. ஈரத்துணி அவள் தோளை உரசியது. அவள் உதறித் திரும்பியபோது இன்னொன்று மறு தோளில் பட்டு, உடனே, மன்னிப்புக் கேட்பதுபோல, விலகிக்கொண்டது.

அவள் பின்வாங்கினாள். திரும்பி ஓடினாள்.

தாழ்வாரம், ஆறு பேர். படுக்கையறை, மூன்று பேர். சமையலறை, ஒன்பது பேர். ‘குழந்தை அறை’ என்று போட்டிருந்த மகளின் அறையில் மட்டும் யாருமில்லை. உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். கட்டில் போய்விட்ட அறை. பல்பையும் கழற்றி அனுப்பியாகிவிட்டது. ஜன்னலில் இரும்புக் கம்பி. அதற்கப்பால் பக்கத்து வீட்டின் வெறும் சுவர். கத்தினாள். மழை அதை வாங்கிக்கொண்டது. கொழுந்தனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கதவுக்கு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

வாசல், யாருமில்லை. ஹால், யாருமில்லை. சமையலறை. படுக்கையறை. தாழ்வாரம். ஒவ்வொன்றாக எல்லாம் காலியாகிக்கொண்டு வந்தன.

போய்விட்டார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

கடைசி வரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அறை, பதினேழு பேர். முப்பது. நாற்பத்தெட்டு. அது நிற்கவில்லை.

கதவுக்கு அடியில் தாழ்வாரத்து வெளிச்சம் ஒரு நீளக் கோடாகத் தெரிந்தது. அதன் இடது ஓரத்தில் ஓர் இருட்டு வந்து நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தள்ளுமுள்ளு இல்லை. ஒருவர் சற்று ஒதுங்கினால் அடுத்தவருக்கு இடம். கோடு துண்டு துண்டானது. துண்டுகள் சிறுத்தன. பிறகு கோடே இல்லை.

யாரும் தட்டவில்லை.

துணி மடங்கும் ஓசை. முழங்கால்கள் தரையில் படும் ஓசை. நிறைய முழங்கால்கள்.

போனைத் தரையோரம் தாழ்த்தி, அதன் வெளிச்சத்தைக் கதவின் அடிப்பக்கம் காட்டினாள்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தரையோடு தரையாக, இடைவெளியே இல்லாமல், கண்கள்.