ஏறாத காய்

கருப்புக் காய் மட்டும் மேலே ஏறவில்லை.

முதல் ஆட்டத்தில் சகாயநாதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் மனைவி சூசைமேரி சிரித்தாள். அதற்கும் அடுத்ததில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்க, கருப்பு மட்டும் அட்டையின் அடிப்பக்கம், முதல் கட்டத்திலேயே கிடந்தது.

"ஏங்க, இதுக்கு மட்டும் சோழி விழவே மாட்டேங்குதே. பாவம், எம்புட்டு நேரந்தான் கீழயே கெடக்கும்?"

அவன் சோழிகளைத் திரும்ப அள்ளினான்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. சூளகிரியிலிருந்து பேரிகை போகிற சாலையோரத்துக் கல்குவாரியில் சகாயநாதன் மேஸ்திரி. வேட்டுக்கு முன்னால் விசில் ஊதுவதும், குழிக்குள் இருக்கிற ஆட்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத் திரி கொளுத்தச் சொல்வதும் அவன் பொறுப்பு. அடைமழையில் குழி நிரம்பி வேலை நின்றுபோயிருந்தது. குவாரி விளிம்பில் இருந்த ஓட்டு வீட்டில் சும்மா முடங்கிக் கிடந்தவனிடம், கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பிள்ளைகள் ஆடுகிற மாதிரி புதுசாக ஏதாவது செய்து கொடு என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். அவனுக்குத் தெரிந்த உலகம் ஒன்றுதான். பழைய காலண்டர் அட்டையில் குவாரியையே வரைந்தான். அடியில் குழி, அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள், ஜல்லி உடைக்கிற பெண்கள் ஒதுங்கும் புங்கமரம், உச்சியில் லாரி நிற்கும் மேடு. ஜல்லிச் சில்லுகளுக்கு வர்ணம் பூசிக் காய்களாக்கினான். சோழி விழுகிறபடி ஏறவேண்டும். சோழி மொத்தமும் குப்புற விழுந்தால் வேட்டு; குழியில் நிற்கிற காய் செத்தது.

அந்த விதியைச் சொன்னபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சூசைமேரி அதைத் திருப்பிச் சொன்னபோதுதான் சோழியைக் கீழே வைத்தான்.

"வேட்டு வேணாம் மேரி. சின்னப் பிள்ளைங்க ஆடறது."

வேட்டை எடுத்துவிட்டு ஆடினார்கள். கருப்பு ஏறவில்லை. படிகளைக் குறைத்தான். ஏறவில்லை. கருப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வெள்ளையை அதன் இடத்தில் வைத்தான். இப்போது வெள்ளை ஏறவில்லை.

வெளியே பொழுது மங்கிக்கொண்டு வந்தது. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் முற்றத்து அண்டாவில் விழுகிற சத்தமும், நனைந்த கல்தூளின் சுண்ணாம்பு வாடையும், அந்த வாடைக்கு அடியில் எப்போதும் விட்டுப் போகாத கருமருந்தின் நெடியும் வீட்டுக்குள் வந்து தங்கின. சூசைமேரி லாந்தரை ஏற்றினாள்.

"மாரம்மா நேத்து வந்திருந்தா," என்றாள். "அரிசி கொஞ்சம் குடுத்தனுப்பிச்சேன். 'மேஸ்திரிண்ணன் விசிலு ஊதத்தான் செஞ்சாரு, எம்புருசன்தான் கேக்காம கடப்பாறை எடுக்கத் திரும்பி எறங்கிட்டாரு, விதி'ன்னு அழுதா. உங்களக் கையெடுத்துக் கும்பிட்டா."

"என்னை எதுக்குக் கும்பிடணும்?"

"நீங்க ஊதுன விசில்லதான மத்தவங்க தப்பிச்சாங்க."

அவள் அடுப்பு பற்றவைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

சகாயநாதன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரம்மாவின் புருஷன் செத்த அன்றைக்குப் பெங்களூர் லாரிகள் வரிசையாக நின்றன. முதலாளி மேட்டில் நின்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் ஏறி வந்தார்கள். குழியில் இறங்குகிறவர்கள் துண்டை மாட்டிவிட்டுப் போகிற புங்கமரக் கிளையில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது. மேலே வந்தவன் எவனும் அதை எடுக்கவில்லை. மாரம்மா புருஷன் திம்மராயனின் துண்டு. சகாயநாதன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான், "கொளுத்து" என்றான். ஏறிக்கொண்டுதான் இருப்பான், திரி எரிவதற்குள் வந்துவிடுவான் என்று நினைத்தான். நினைத்தானா? இல்லை, அப்படி நினைத்ததாகப் பிறகு சோடித்துக்கொண்டானா? விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், எல்லாரும் ஏறிவிட்டார்கள், அவனாகத்தான் திரும்பி இறங்கினான் என்றான். சரிந்த பாறைக்கடியிலிருந்து திம்மராயனை முழுசாக எடுக்க முடியவில்லை.

வெள்ளையை எடுத்துவிட்டு, மடியிலிருந்த கருப்புக் காயை அடிக்கட்டத்தில் வைத்தான்.

"சோழி வேணாம்டா," என்றான் மெல்ல. "நானே ஏத்தி விடறேன்."

விரலால் ஒரு கட்டம் நகர்த்தினான்.

வீட்டுக்குப் பின்னால், குழிப் பக்கம், ஒரு கல் உருண்டு தண்ணீரில் விழுந்தது.

மழையில் பாறை இளகி உருளும். அது சகஜம். இன்னொரு கட்டம் நகர்த்தினான். இன்னொரு கல். இந்த முறை கொஞ்சம் மேலேயிருந்து. காயை விட்டுவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான். சத்தம் நின்றது. மழை மட்டும். மழைக்கு நடுவே, ஈரப்பாறையை நகத்தால் பற்றிக்கொண்டு ஒருவன் தொங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சன்னமான பிறாண்டல்.

அது காத்திருந்தது.

போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். அட்டையை அடுப்பில் வைத்துவிடலாம். ஆனால் ஒருமுறை விட்டுவிட்டு வந்தவன் அவன். பாதி வழியில் இன்னொரு முறையும் விடுவதா?

நகர்த்தினான். கால் வைக்கும் சத்தம். நகர்த்தினான். ஈரத்தில் இழுபடும் சத்தம். புங்கமரக் கட்டம். நகர்த்தினான். மூச்சு கேட்டது. தன்னுடையதா? மேடு.

காய் மேட்டில் நின்றது.

எல்லாம் அடங்கியது. ஓட்டிலிருந்து சொட்டுவதுகூட நின்றது போலிருந்தது.

பின்கட்டில் கதவு திறந்தது.

"யாருங்க அது?" சூசைமேரியின் குரல். "ஐயோ, இப்பிடி நனஞ்சிட்டு... எங்கிருந்து வரீங்க? கண்ணு தெரியலீங்களா? வாங்க, கையக் குடுங்க."

"மேரி!" அவன் கத்த நினைத்தான். அதற்குள் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாத்து. வாசப்படி இருக்குது. காலத் தூக்கி வைங்க. அவ்வளவுதான்."

நிழல் சுவரில் ஏறியது. அவளுடையது மட்டும்.

அவள் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தபடி அறைக்குள் வந்தாள். அவள் கை ஒரு கையைப் பிடித்திருந்தது. கல்தூள் அப்பி வெளுத்த கை. நகமில்லாத விரல்கள் அவள் விரல்களை இறுகப் பற்றியிருந்தன. முழங்கை வரை இருந்தது. அதற்கப்பால் திறந்த கதவும் மழையும்தான் தெரிந்தன.

"ஏங்க, இவரு உங்களத்தான் தேடி வந்திருக்காராம்," என்றாள் சூசைமேரி. ஓர் ஆள் உயரத்தில் யாருடைய முகத்தையோ அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி, அந்தக் கையை அவனிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.