கால் அங்குலம் மாவு

டப்பாவுக்குள் இறக்கிய டேப் மாவைத் தொட்டதும், தையல்காரி அதை விளிம்போடு சேர்த்து நகத்தால் அழுத்திப் பிடித்து, வெளியே எடுத்து, ஜன்னல் இடுக்கில் வந்த காலை வெளிச்சத்தில் பார்த்தாள். நேற்று சாயங்காலம் ஆறு அங்குலம் இறங்கியது இன்று ஆறே கால் இறங்கியிருந்தது. மறுபடி இறக்கினாள். ஆறே கால்தான். மாவின் மேல்பரப்பு மட்டும் நேற்று அவள் தடவி விட்டதுபோலவே வழவழவென்று கிடந்தது. அள்ளிய கை தடவியும் விட்டுப் போயிருக்கிறது. டப்பா இருந்த மாடிப்படி அடி அலமாரி அவள் வந்து திறக்கும்வரை பூட்டியபடிதான் இருந்தது, சாவி அவள் கழுத்துக் கயிற்றில், ஜாக்கெட்டுக்குள், உடம்புச் சூட்டோடு கிடந்தது.

கடைகள் மூடி நாற்பது நாள் ஆகியிருந்தது. புருஷன் வேலை தேடிப் போய் இருபது நாள், உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தகவல் இல்லை. தெருவில் எந்த வீட்டிலாவது எதையாவது வேகவைத்தால் அந்த வாசனை முனை வரைக்கும் போகும், உடனே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் வாசலில் வந்து நின்று மூக்கைத் தூக்குவார்கள். அதனால் தையல்காரி கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் அடுப்பே பற்றவைப்பாள்.

டப்பாவில் மிச்சம் பத்து அங்குலம் மாவு. மூன்று உயிருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குக் கால் அங்குலம் என்று அவள் வகுத்திருந்தாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நாற்பது நாள் ஓட்டிவிடலாம், அதற்குள் இவள் தைத்துக் கொடுக்கும் சாக்குகளுக்குப் பதிலாகக் கிடங்கில் மாவு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். யாரோ தினமும் இன்னொரு கால் அங்குலத்தைத் தின்றால் நாற்பது இருபதாகிவிடும். அந்த இருபது நாளுக்கு அப்புறம் பின்னறையில் காய்ச்சலோடு கிடக்கும் ஆறு வயசு மகள் சிட்டுவுக்கு எதைக் கொடுப்பது? டேப்பைச் சுருட்டிவிட்டு அலமாரியைப் பூட்டினாள்.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். சிட்டுவால் எழுந்து உட்காரவே முடியவில்லை, ஒன்பது நாளாகப் பாயோடு பாய். பாக்கி நாத்தனார். புருஷனின் அக்கா, தாலி அறுத்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள், இரண்டு மாசம் முன்னால் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தவள். வந்த அன்றைக்கே அவளைத் தலை முதல் கால் வரை கண்ணாலேயே அளந்து வைத்தவள்தான் தையல்காரி. அப்போது தெரியாமல் போனது அவளுடைய கை நீளம் மட்டும்தான்.

மறுநாளும் கால் அங்குலம் போயிருந்தது. அன்றைக்கு அவள் பூட்டை விட்டுவிட்டு அலமாரிக் கதவின் கீலைத் தடவிப் பார்த்தாள். விரல் நுனியில் எண்ணெய் ஒட்டியது. முகர்ந்தாள். அவளுடைய மெஷினுக்கு விடுகிற எண்ணெய்! கீல் ஊசியை இரண்டு விரலால் இழுத்ததும் சின்ன உரசலோடு வழுக்கிக்கொண்டு வந்தது, கதவு பூட்டின பக்கம் அசையாமல் மறுபக்கமாகத் திறந்து கொடுத்தது. அடிப்பாவி, என் எண்ணெயை எடுத்து என் அலமாரிக்கே விட்டிருக்கிறாள். நாலு ஆணி அடித்தால் முடிந்துபோகிற விஷயம். சுத்தியலும் ஆணியும் மெஷின் டிராயரிலேயே இருந்தன. அவள் ஊசியைத் திரும்பச் சொருகிவிட்டு வெளியே கிளம்பினாள்.

"அப்படியே புள்ளைக்கு மருந்து ஏதாவது கிடைக்குதான்னு பாரும்மா" என்று பின்னறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். தினமும் கொடுக்கிற குரல்தான். மருந்துக்கடைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் மூடியவை என்று அவளுக்கு எத்தனை முறை சொல்வது?

விதையும் உரமும் விற்றவர் பின்வாசலைக் கால்வாசி திறந்தார்.

"எலிக்கா?"

"எலிக்குத்தான்."

"எலியெல்லாம் தின்னு தீத்து ரெண்டு வாரம் ஆச்சேம்மா. உன் வீட்ல மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"எங்க வீட்டு எலி கொஞ்சம் பெருசு."

அவர் சிரிக்கவில்லை. அவள் நீட்டிய ஒரு டம்ளர் மாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்.

இரண்டு அங்குலம் போக மாவு முழுவதையும் ஒரு புதுச் சாக்கில் கொட்டி வாயைத் தைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த சாக்கு அடுக்குக்கு அடியில் செருகினாள். டப்பாவின் அடியில் வெட்டுத்துணிகளை அமுக்கி, காகிதம் விரித்து, அதன்மேல் இரண்டு அங்குலம் மாவும் பொட்டலமும். மரஸ்கேலால் நிதானமாகக் கலந்தாள், மேலே வழவழவென்று தடவிவிட்டாள். கையை நாலு தடவை கழுவினாள். சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகும் கை வைத்தால் பாவம் கை வைத்தவளுக்கு. ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளை படுத்திருக்கிற வீட்டில் அந்தப் பொல்லாத சொல்லை வாயால் எப்படிச் சொல்வது? உரக்கடைக்காரர்கள் சொல்வதுபோல 'மருந்து' என்றே சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள்.

நாத்தனார் சிட்டுவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அறையில் வியர்வையும் புளித்த துணியும் மணத்தன.

"அக்கா, மருந்து கிடைச்சுது" என்றாள் தையல்காரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "டப்பா மாவுல கலந்து வச்சிருக்கேன். எடுக்கிறவங்களுக்குத் தெரியணும்ல, அதான் சொல்றேன்."

நாத்தனார் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தாள். அது மலர்ந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"கலந்துட்டியா? மகராசி!" தையல்காரியின் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நான் நெனச்சேம்மா. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீ. இதை மொதல்லயே பண்ணிருக்கலாம்."

என்ன நெஞ்சழுத்தம்! கையும் களவுமாகப் பிடிபட்டவள் பேசுகிற பேச்சா இது? தைரியம் இருந்தால் வைத்துப் பார் என்கிறாளா? தையல்காரி கையை உருவிக்கொண்டு முன்னறைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஒற்றிய கையில் ஈரம் காயவே இல்லை, முந்தானையில் துடைத்தும் போகவில்லை.

மத்தியானம் தெரு செத்துக் கிடந்தது. சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து, இவள் வீட்டு வாசலுக்கு நேராகக் கொஞ்சம் நின்று, பிறகு நடந்தார்கள். அவள் சாக்கை மடித்து ஊசிக்கு அடியில் கொடுத்து மிதித்தாள், மெஷின் கடகடவென்று ஓடியது, சணல் தூசு வெளிச்சக் கோட்டில் மிதந்தது, அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் ஒளிந்திருப்பதுபோல் பட்டதும் காலை நிறுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள், மறுபடி நிறுத்தினாள்.

இந்த முறை கேட்டது. மாடிப்படிக்கு அடியில் இரும்பு இரும்பை உரசி வழுக்குகிற சின்னச் சத்தம். கீல் ஊசி.

அவள் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்துபோய் "வேண்டாம்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல எட்டு அடி தூரம்தான் இருந்தது. டப்பா மூடி திறந்தது. கரண்டி மாவில் இறங்குகிற சத்தம் மெத்தென்று வந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. சொல்லியாயிற்று, இரண்டு காதாலும் கேட்டாள், அப்புறமும் அள்ளுகிறாள். இவளுக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. இனி மூன்று வாய் இல்லை, இரண்டு வாய்தான். எண்பது நாள்... இல்லை, அறுபது. மனசுக்குள் கணக்குத் தப்பியது. மிதித்தாள்.

அடுப்படியில் தண்ணீர் கொதித்தது. மாவு வேகிற மணம் வந்தது, அதற்குள் லேசாகக் கசந்த ஒன்றும் வந்தது. கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாளா அந்தப் பாதகத்தி? வாசலில் செருப்புச் சத்தம் இரண்டாகியிருந்தது. மூன்றாகியிருந்தது. இவள் வேகமாக மிதித்தாள். நூல் தீர்ந்துபோனது தெரியவில்லை. ஊசி வெறும் ஓட்டையாகக் குத்திக்கொண்டு போனது. குடிக்கட்டும். உட்கார்ந்து ரசித்துக் குடிக்கட்டும்.

அப்போது பின்னறையில் யாரோ சிரித்தார்கள்.

சின்னக் குரல். மூக்கடைத்த குரல். ஒன்பது நாளாக இந்த வீட்டில் கேட்காத குரல்.

கால் நின்றது. சக்கரம் தானாக ஓடி நின்றது.

எழுந்தாள். ஸ்டூல் விழுந்தது. எட்டு அடி. அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படி. யாருமில்லை. பாத்திரம் காலி. பின்னறை வாசல்.

சிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அத்தையின் மடியில். உதட்டுக்கு மேலே வெள்ளை மீசை. நாத்தனார் கையில் கிண்ணமும் கரண்டியும்.

"வாம்மா, வந்து பாரு உன் பொண்ணை" என்றாள் நாத்தனார், முகமெல்லாம் சிரிப்பாக. "ராத்திரி நான் எடுத்துக் காய்ச்சி ஊத்துறதுல தினமும் ரெண்டு கரண்டிதான் குடிப்பா, இன்னிக்கு முழுக் கிண்ணம். கசக்குதுன்னு அழுதா. மருந்துன்னா கசக்கத்தான்டி செய்யும்னு சொன்னேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டே குடிச்சிட்டா, கெட்டிக்காரி."

தையல்காரி வாயைத் திறந்தாள். அந்தப் பொல்லாத சொல் நாக்குக்கு வரவில்லை.

"மருந்து" என்றாள். "அக்கா... மருந்து... மருந்து..."

"ஆமாம்மா, ஒரு சொட்டு மிச்சம் வைக்கல." நாத்தனார் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "அம்மா நம்ப மாட்டேங்கிறா. எங்கே, அம்மாவுக்கு ஆ காட்டு."

சிட்டு தலையை அண்ணாந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை முடிந்த மட்டும் அகலமாகத் திறந்து காட்டினாள். வாய்க்குள் ஒன்றும் மிச்சமில்லை. பால் பற்கள். சின்ன நாக்கு.

"போதும்டி கண்ணு, மூடிக்கோ" என்றாள் நாத்தனார்.

வாய் மூடவில்லை.