பனிக்கௌதாரி வேட்டையும் ஒரு பருத்திப் பெனியனும்

மேட்டுவெளிக்குப் போய் ஒரு பறவையாவது சுட்டு வந்த தமிழன் இந்த ஊரில் இல்லை என்று மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில் யாரோ சொன்னார்கள். குலசிங்கத்தைக் கிளப்பிவிட அதுவே போதுமாக இருந்தது.

வட நோர்வேயின் கடலோரத்தில் இருக்கிறது அந்த மீன்பிடி ஊர். மாரியில், அதாவது பனிக்காலத்தில், சூரியன் எட்டிப் பார்க்காத நாட்களும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் பெரும்பாலும் அந்தத் தொழிற்சாலையில்தான் மீன் வெட்டின. குலசிங்கமும் அவன் மனைவி யோகமலரும் அவளுடைய தம்பி தவநேசனும் போன இலையுதிர் காலத்தில் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறியிருந்தார்கள். சுடுகிற துவக்குக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. இனி முதல் அடி எடுத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி. சித்திரை வருடப்பிறப்பு விருந்துக்குப் பனிக்கௌதாரிக் கறி தன் பொறுப்பு என்று அந்த மேசையிலேயே குலசிங்கம் அறிவித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பனிக்கௌதாரி லேசில் அகப்படாது. மாரியில் அதன் உடம்பு முழுக்க வெள்ளையாகிவிடும். கால்விரல் வரை இறகு மூடியிருக்கும். பனியில் குழி பறித்துப் பதுங்கிக்கொண்டால் பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. அதைத் தேடுகிறவர்கள் வியர்க்க வியர்க்க மேடு ஏறவேண்டும். ஏறிய பிறகு புதருக்குப் பின்னால் அசையாமல் காத்துக் கிடக்கவேண்டும். ஏறும்போது வருகிற வியர்வைதான், காத்திருக்கும்போது ஆளைக் கொல்ல வருகிறது.

யோகமலருக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். இந்த ஊரில் அவளுடைய முதல் மாரி, படகிலிருந்து மீன் இறக்கும் துறையில் கழிந்தது. பருத்திப் பெனியனுக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். வேலை நிற்கும் நேரமெல்லாம் நடுங்குவாள். பிறகு ஒருநாள் பருத்திப் பெனியன் ஒன்றையும் கம்பளிப் பெனியன் ஒன்றையும் நனைத்துப் பிழிந்து, குளியலறையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தாள். கம்பளி போட்டுக்கொள்ளலாம் என்ற அளவுக்குக் காய்ந்த பிறகும் பருத்தி ஈரத் துவாய்போலக் கனத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் மாரியில் பருத்தியை உடம்பில் படவிட்டதில்லை.

அதனால் வேட்டைக்கு உள்ளுடுப்பு வாங்குவதை அவளே ஏற்றுக்கொண்டாள். கடையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், உட்புறம் தைத்திருந்த சிட்டையை வாசித்தாள். தடித்தது ஒன்றைவிட மெல்லியது இரண்டு நல்லது, சூடு கூடினால் ஒன்றைக் கழற்றலாம் என்றாள். உடம்போடு ஒட்டியிருக்கவேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. குனிந்தால் முதுகு தெரியாத நீளம் வேண்டும். கழுத்தில் சிப் இருந்தால் ஏறும்போது திறந்துவிடலாம். செயற்கை இழை சீக்கிரம் காயும்தான், ஆனால் இரண்டாம் நாளே நாறும், அடுப்புப் பொறி பட்டால் உருகிப் பிடிக்கும். ஆகவே மெரினோக் கம்பளி. கீழுக்கும் மேலுக்கும், காலுறைக்கும் அதுவே.

தவநேசன் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். அது கண்ணுக்குக் கண் ஓட்டையாக வலைபோலப் பின்னிய பெனியன். அதைத் தோலோடு போட்டு மேலே மெல்லிய கம்பளி போட்டால், அந்தக் கண்களுக்குள் காற்று நின்று சூட்டைப் பிடித்துக்கொள்ளும். வியர்வையும் தோலில் நிற்காமல் வெளியேறிவிடும். அவன் அதை மார்பில் வைத்துக் காட்டியபோது குலசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். கடலுக்குப் போகிற வலையை உடம்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற முதல் ஆள் நேசன்தான் என்றான். தவநேசனும் சிரித்தான். ஆனாலும் அதை வாங்கினான்.

குலசிங்கத்துக்குக் கம்பளி பிடிக்காது. கழுத்தில் கடிக்கும், தோல் சிவக்கும் என்பான். ஒஸ்லோவில் மலிவு விற்பனையில் வாங்கிய உள்ளுடுப்பு ஒன்று அவனிடம் இருந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் தேர்மல் என்று போட்டிருந்தது. உட்புறம் பஞ்சுபோல மெத்தென்றிருக்கும், போட்டவுடன் சூடாகவும் இருக்கும். யோகமலர் சிட்டையைப் பார்த்தாள். முழுக்கப் பருத்தி. வீட்டுக்குள் போடலாம், மேட்டுவெளிக்குக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவனுக்கும் மென்மையான மெரினோவில் ஒரு சோடி வாங்கி வைத்தாள்.

பங்குனியின் தொடக்கத்தில் ஒரு தெளிந்த காலையில் புறப்பட்டார்கள். கதவடியில் அவள் கேட்டாள்.

"உள்ளுக்குக் கம்பளிதானே போட்டிருக்கிறியள்?"

"ஓமப்பா, போட்டிருக்கிறன். எத்தினை தரம் கேப்பீர்?"

அவள் பையைத் தூக்கிக் காரில் வைத்தாள்.

வீதியோரம் காரை நிறுத்திவிட்டுப் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டினார்கள். அன்றிரவு தங்க இருந்த குடிலுக்குப் போகும் பாதை ஏற்றமாக இருந்தது. சாமான் ஏற்றிய சறுக்குவண்டியை மாறிமாறி இழுப்பதென்றுதான் பேச்சு. குலசிங்கம் இடுப்பில் பூட்டிய இழுவாரைக் கழற்றவே இல்லை. ஜாக்கெட்டைத் திறந்துவிடும்படி யோகமலர் சொல்ல, காற்று அடிக்கிறதே என்று மறுத்துவிட்டு இன்னும் வேகமாக இழுத்தான். அவன் தொப்பியின் ஓரத்தில் வியர்வை உறைந்து வெள்ளையாகப் படிந்தது. அக்காவும் தம்பியும் கழுத்துச் சிப்பைத் திறந்துவிட்டு, வியர்க்காத வேகத்தில் பின்னால் ஏறினார்கள்.

ஏரிக்கரைக் குடிலில் சாமானை இறக்கித் தேநீர் குடித்தார்கள். பிறகு துவக்குகளையும் ஒரு முதுகுப் பையையும் எடுத்துக்கொண்டு, குட்டைப் பிர்ச் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கை நோக்கிக் கட்டைகளிலேயே போனார்கள். சற்றுப் போனதும் பனியில் தடங்கள் தென்பட்டன. இறகு மூடிய சின்னக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு கிழித்துப் போயிருந்தன. மூவரும் புதருக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

காத்திருப்பு நீண்டது. திடீரென்று முன்னால் பனியே வெடித்துக் கிளம்பியதுபோல ஒரு கூட்டம் எழும்பியது. தவநேசன் சுட்டான். ஒன்று விழுந்தது. யோகமலரின் வெடியில் இன்னொன்று. குலசிங்கம் இரண்டு முறை தவறவிட்டு மூன்றாம் முறை வீழ்த்தினான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து யோகமலருக்கும் மனம் நிறைந்தது. இன்னும் மேலே போவோம் என்றான். மேலே போனார்கள். மறுபடியும் பதுங்கிக் காத்தார்கள், மறுபடியும் சுட்டார்கள். பை கனத்தது.

காற்றுத் திரும்பியதை முதலில் உணர்ந்தவன் தவநேசன். வடக்கே வானமும் தரையும் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தன. திரும்புவோம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் முதல் பனித்தூள் முகத்தில் அறைந்தது. சிறிது நேரத்தில் தங்கள் கட்டையின் நுனியே அவர்களுக்குத் தெரியவில்லை.

தவநேசன் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். நடுவில் குலசிங்கம், பின்னால் யோகமலர். காத்திருந்தபோதே குலசிங்கம் நடுங்கியதை அவள் கவனித்திருந்தாள். இப்போது நடுக்கம் நின்றிருந்தது. அது நல்ல அறிகுறி அல்ல என்று அவளுக்குத் தெரியும். அவன் கட்டை தடுக்கித் தடுக்கி விழுந்தான். கட்டையில் கழன்ற பூட்டை மாட்டுவதற்காகக் கையுறைகளைக் கழற்றிப் பனியில் வைத்தான். காற்று இரண்டையும் அள்ளிக்கொண்டு போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். எழும்பச் சொன்னபோது, கொஞ்சம் படுத்திட்டு வாறன் என்று நாக்குக் குழறச் சொன்னான்.

ஒரு பாறை மறைவுக்கு அவனை இழுத்துப் போனார்கள். யோகமலர் முதுகுப் பையிலிருந்து காற்றுப்பையை எடுத்தாள். காற்றைத் தடுக்க மூன்று பேர் புகுந்து உட்காரக்கூடிய பெரிய சாக்கு அது. மூவரும் அதற்குள் நெருங்கி உட்கார்ந்ததும் புயலின் சத்தம் சற்றுத் தள்ளிப் போனது. அவள் அவனுடைய ஜாக்கெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டாள். பிழியாத துணியைத் தொட்டதுபோலிருந்தது. இடுப்பைச் சுற்றி அது விறைத்துக் கட்டையாகியிருந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். ஒஸ்லோவில் வாங்கிய அந்தப் பருத்திப் பெனியன்.

"இது என்ன?"

குலசிங்கம் சின்னப் பிள்ளைபோல அவளைப் பார்த்தான்.

"கம்பளி கடிக்குது மலர்."

மேலதிகமாகக் கொண்டுவந்த கம்பளி உடுப்பெல்லாம் குடிலில் கிடந்தது. அவளுடைய மேலுடுப்பு அவன் தோளில் ஏறாது. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தவநேசன் தன் ஜாக்கெட்டைக் கழற்றினான். மெல்லிய கம்பளி இரண்டையும் உருவினான். வலைப் பெனியனோடு மட்டும் ஒரு கணம் இருந்தான். பிறகு ஜாக்கெட்டை அதற்கு மேலேயே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நேசன், உனக்கு?"

"நடந்தா எனக்குச் சூடு வந்திடும் அக்கா. முதல்ல அத்தான்ர உடுப்பைக் கழட்டு."

இரண்டு பேருமாக ஈரத்தை உரித்தெடுத்துக் கம்பளியை மாட்டிவிட்டார்கள். சுடுநீர்ப் போத்தலில் இருந்த சீனித் தேநீரை வாயில் பருக்கினார்கள். தவநேசன் தன் தடித்த கையுறைகளையும் அத்தானின் கையில் போட்டான். உள்ளே போடுகிற மெல்லிய உறைகள் மட்டும்தான் அவனுக்கு மிஞ்சின. யோகமலர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துப் பார்த்தாள், அவன் கைக்கு அது ஏறவில்லை. குலசிங்கத்துக்கு மறுபடி நடுக்கம் தொடங்கியதும் அவனை எழுப்பினார்கள். அங்கே இருந்தால் மூவரும் உறைந்துபோவார்கள்.

தவநேசன் பாதை திறந்தான். யோகமலர் கணவனைப் பின்னால் தாங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏரியின் சமமான பனி காலுக்குப் பட்டபோது, குடில் அருகில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் குடிலின் கதவைப் பனி பாதிவரை மூடியிருந்தது. மண்வெட்டி உள்ளே. அக்காவும் தம்பியும் கையால் தோண்டினார்கள். யோகமலருக்குத் தடித்த உறை இருந்தது. தவநேசனின் மெல்லிய உறை நனைந்து, உறைந்து, கிழிந்தது. அவன் நிறுத்தவில்லை. கதவு திறந்தபோது தாழ்ப்பாளை அவனால் பிடிக்க முடியவில்லை, தோளால் தள்ளினான்.

அடுப்பு மூண்டதும் குலசிங்கம் போர்வைக்குள் தூங்கிப்போனான். தவநேசன் கைகளை இளஞ்சூட்டு நீரில் வைத்துக்கொண்டு இருந்தான். விரல்கள் மெழுகுபோல வெள்ளையாக இருந்தன. உயிர் திரும்பத் தொடங்கியபோது அவன் பல்லைக் கடித்து அழுதான். திரும்பாத விரல்களில் நோவே இருக்கவில்லை. யோகமலர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் புயல் ஓய்ந்திருந்தது. தொலைபேசி பிடிக்கும் மேடுவரை யோகமலர் தனியாகப் போய் உதவிக்கு அழைத்தாள். மீட்புக்காரர் பனிவண்டிகளில் வந்து தவநேசனை ஏற்றினார்கள். புறப்படும் நேரத்தில் குலசிங்கம் திரும்பிக் குடிலுக்குள் போனான். பறவைப் பையை எடுத்து வந்தான்.

தவநேசனின் வலது கையில் இரண்டு விரல்களையும் இடது கையில் ஒன்றின் நுனியையும் வைத்தியர்கள் எடுத்தார்கள். மீன் வெட்டும் கத்தி இனி அந்தக் கைக்கு அடங்காது.

சித்திரை வருடப்பிறப்பு விருந்தில் மண்டபம் நிறைந்திருந்தது. பனிக்கௌதாரிக் கறி பெரிய சட்டியில் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். குலசிங்கத்தைக் கதை சொல்லக் கேட்டார்கள், அவனும் சொன்னான். பறவைகள் எழும்பிய விதத்தைச் சொன்னான். புயல் பிடித்ததைச் சொன்னான். தானும் நேசனும் மாறிமாறிப் பாதை திறந்ததாகச் சொன்னான். நேசன் கவனமில்லாமல் கையுறையைக் காற்றில் பறிகொடுத்ததாகவும் சொன்னான். எல்லோரும் தவநேசனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டு, ஓம், தவறிப்போச்சு என்று தலையாட்டினான்.

யோகமலர் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அகப்பையை வைத்தாள்.

"கையுறையைப் பறிகொடுத்தது இவர். உள்ளுக்குப் பருத்திப் பெனியன் போட்டுக்கொண்டு, கம்பளி எண்டு எனக்குப் பொய் சொன்னதும் இவர்தான். என்ர தம்பி தன்ர உடுப்பைக் கழட்டி இவருக்குப் போட்டவன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. குலசிங்கம் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். கறியை யாரும் தொடவில்லை.

வெளியே கார் நிற்கும் இடத்தில் தவநேசன் அவளிடம் வந்தான்.

"ஏன் அக்கா சொன்னனீ? நான் உனக்காகத்தானே பேசாமல் இருந்தனான்."

"எனக்காக எண்டு இனி ஒண்டையும் குடுக்காதை" என்றாள் அவள். அவன் கோபத்தோடு போய்விட்டான். சில கிழமை அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகு எல்லாம் ஒருவாறு ஓடியது. தவநேசனுக்குத் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. அத்தானைக் கண்டால் மரியாதையாகத் தலையசைப்பான், அவ்வளவுதான். குலசிங்கம் அவனுடைய அறைக்கு ஒருநாள் போய், நெடுநேரம் இருந்து, ஒன்றும் சொல்ல முடியாமல் திரும்பி வந்தான். துவக்கை விற்றுவிட்டான்.

அடுத்த மாரியில் தொழிற்சாலைக்குப் புதிதாக ஆட்கள் வந்தார்கள். குளிருக்கு என்ன வாங்குவது என்று அவர்கள் கேட்டால், குலசிங்கம்தான் கடைக்குக் கூட்டிப் போவான். தோலோடு எது படுகிறது என்பதை முதலில் பாருங்கள், வெளி ஜாக்கெட்டைப் பிறகு பார்க்கலாம் என்பான். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், சிட்டையை வாசியுங்கள் என்பான். பருத்தியைக் கையில் எடுத்தவனிடமிருந்து அதை வாங்கித் திரும்ப வைப்பான். கழுத்தில் கடித்தால் கடிக்கட்டும், பழகிவிடும் என்பான்.

சில நேரம் யோகமலரும் கூட நிற்பாள். அவன் சொல்வதில் ஒரு பிழையும் இருக்காது. அவள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுக்குச் சொல் சரியாகச் சொல்வான். அதைக் கேட்கும்போதுதான் அவளுக்கு அதிகமாகக் கசக்கும். கடைக்கு வெளியே போய், அவர்கள் வாங்கி முடிக்கும்வரை குளிரில் நிற்பாள்.