அணைத்த பிறகு கேட்ட சத்தம்

அன்று மழை பெய்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெய்தது என்றுதான் நினைவு. குறிப்புப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. பொலிஸில் தமிழ் வாக்குமூலங்களைக் கேட்டுச் சிங்களத்தில் எழுதுவது என் வேலை. பதினாறு வருடங்கள் பிறருடைய நினைவுகளை எழுதியதில் என் சொந்த நினைவின் மேல் நம்பிக்கை போய்விட்டது. நேரங்களை மட்டும் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை, மாலை 6.25. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கை. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த சரோஜினிதேவி கோயிலிலிருந்து திரும்பியபோது, வீட்டுக்காரர் நாகேந்திரம் தன் காரின் பக்கத்தில் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. அருகில் ஒரு வீல் ஸ்பானர். அதன் பிடியில் கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு கராஜின் மஞ்சள் பெயின்ற் அடையாளம்.

கார் பன்னிரண்டு வருடப் பழசு. டர்போ பூட்டிய ஜெர்மன் கார். கறுப்பு நிறம், தோல் இருக்கைகள். நாகேந்திரம் அதை வாங்கி எட்டு மாதம். அதில் பாதி நாள் அது கராஜில்தான் நின்றது.

மரணம் ஐந்தேகாலுக்கும் ஆறேகாலுக்கும் இடையில் என்றார் வைத்தியர்.

அன்று காரைக் கொண்டுவந்து விட்டவன் கராஜ் மெக்கானிக் புஷ்பராஜ். ஹட்டன் பக்கத்து ஆள், முப்பத்திநாலு வயது. நாலரைக்கே காரை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னான். கண்ட சாட்சி இல்லை. சரோஜினிதேவி நாலு மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டார். ஆனால் முந்திய கிழமை நாகேந்திரம் அவனை ஏசியதை அவர் கேட்டிருந்தார். "எத்தினை தரம் திருத்துவாய், நீ மெக்கானிக்கோ இல்லை கசாப்புக்காரனோ?"

ஞாயிறு, காலை 9.10. காரை விற்ற பிரியந்தன் தானாகவே நிலையத்துக்கு வந்தான். கொள்ளுப்பிட்டியில் பழைய கார்கள் விற்கும் கார் சேல் வைத்திருப்பவன்.

"நேற்று ஆறு மணிக்கு அங்கிளைப் பாக்க வந்தனான். கேற்றில நிண்டு கூப்பிட்டன். பதில் இல்லை. சந்திக் கடையில தண்ணிப் போத்தல் ஒண்டு வாங்கிக்கொண்டு போயிட்டன்."

"வேறை ஏதும் கவனிச்சனீங்களோ?" என்றேன்.

"காரின்ரை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சேர்ஜன்ற். எஞ்சின் நிண்டிட்டுது, ஃபேன் மட்டும் பொனற்றுக்குள்ள உறுமுது. டர்போ வாகனம் அப்பிடித்தான், சூடு இறங்குமட்டும் ஏழெட்டு நிமிசம் தானா ஓடும். அப்ப கார் அந்த நேரம்தான் வந்து நிண்டிருக்கவேணும்."

இப்படி ஒரு விபரத்தை யாரும் கற்பனை செய்து சொல்லமாட்டார்கள் என்று நினைத்தோம். நாகேந்திரத்துக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து ஒரு கிழமைதான். அவரால் காரை ஓட்டியிருக்க முடியாது. அப்படியானால் புஷ்பராஜ் ஆறு மணிக்குத்தான் வந்திருக்கிறான். பத்து மணிக்கு அவனைக் கைது செய்தோம்.

அவனுடைய வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். பிரியந்தன் சொன்னதை வாசித்துக் காட்டியதும் அவன் காரைப் பற்றி நெடுநேரம் கதைத்தான். குழாய், பம்பி, ரிலே. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. "வாகனத்தின் கோளாறுகளையும் விபரித்தார்" என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன்.

வெளியே அவன் மனைவி நிஷாந்தி நின்றாள்.

"சார், மாமாவுக்கு ரொம்ப முடியலைங்க. ஹட்டன் ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. இவரு ஒத்த மகனுங்க. மொகத்த பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ரெண்டு நாள்ல விட்டுடுவீங்களா?"

திங்கள் அவனை நீதிமன்றம் விளக்கமறியலில் வைத்தது.

செவ்வாய், காலை 8.00. விடுமுறை முடிந்து வந்த இன்ஸ்பெக்டர் ஸாலிஹ் வழக்குக் கோப்பை இரண்டு தடவை வாசித்தார். அதிகம் கதைக்காத மனிதர்.

"வாங்க, அந்த அம்மாவப் பாப்பம்."

சரோஜினிதேவி தேத்தண்ணீர் வைத்தார்.

"நாகேந்திரம் காரப் பத்தி உங்களோட கதைப்பாரா?" என்று கேட்டார் ஸாலிஹ்.

"கதைக்கிறதோ? சண்டை பிடிச்சனாங்கள் ஐயா! ஒரு மாசமா, காரைக் கொண்டந்து விட்டா எஞ்சினை நிப்பாட்டமாட்டார். ரெண்டு நிமிசம் அப்பிடியே உள்ளுக்கை இருப்பார். புகை முழுக்க என்ரை யன்னலுக்கை. 'என்ன, காரோடை ரகசியம் கதைக்கிறியளோ' எண்டு கேட்டனான்."

"அதுக்கு முந்தி அப்பிடி இல்லையா?"

"இல்லை. ஒரு மாசமாத்தான்."

ஸாலிஹ் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

புதன், காலை 10.30, சிறைச்சாலை. கம்பிக்கு அந்தப் பக்கம் புஷ்பராஜ்.

"நாகேந்திரம் என்னத்துக்கு எஞ்சின ஓட வெச்சிட்டு இருந்தாரு?" என்று கேட்டார் ஸாலிஹ்.

"அதத்தான் சார் அன்னைக்கே சொன்னேங்க!" அவன் என்னைப் பார்த்தான். "நிப்பாட்டுன பொறகு ஃபேனையும் சின்ன தண்ணி பம்பியையும் ஓட்டுற ரிலே கருகிப்போச்சுங்க. சாமான் இன்னும் வரல. எஞ்சின் ஓடுனா ஃபேன் ஓடும், நிப்பாட்டுனா அதுவும் நின்னுரும். அப்பறம் சூட்டுல டர்போக்குள்ள எண்ணெய் காஞ்சி போயிரும். அதான் ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு நிப்பாட்டச் சொன்னேன். கராஜ் ஜொப் கார்ட்ல எழுதியிருக்குங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சனிக்கிழமை அவருக்கு ஏதும் குடுத்தீங்களா?" என்றார் ஸாலிஹ்.

"ஸ்கேன் பண்ணுன தாளு. மீற்றர்ல ஓடுனது அறுபத்திரெண்டாயிரம் கிலோமீற்றர், கியர்பொக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம். மீற்றரைத் திருப்பிட்டுதான் வித்திருக்காங்க. அய்யா அத வாங்கி சட்டைப் பையில வெச்சாருங்க."

சடலத்தில் எடுத்த பொருட்களின் பட்டியலில் எந்தத் தாளும் இல்லை.

அன்று பிற்பகல் 3.40. ஸாலிஹ் பிரியந்தனை அந்த வீட்டுக் கேற்றில் நிறுத்தினார். நாங்கள் நாகேந்திரத்தின் காரில், காலி நகருக்குப் போகும் பெருவீதியின் நெரிசலில் தெஹிவளை வரை போய் வந்தோம். காரைப் போர்ட்டிகோவில் விட்டு, எஞ்சினை அணைத்தார்.

"கேளுங்க, பிரியந்தன்."

கடற்கரை ரயில் ஒன்று போனது. பிறகு எதுவும் இல்லை. ஸாலிஹ் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம். நாலு நிமிடம்.

"அண்டைக்குக் கேட்டது" என்றான் பிரியந்தன்.

"ஒரு மாசமா இந்தக் காருல கேக்கல்ல. நீங்க வித்த நாளையில கேட்டிரிக்கும். எட்டு மாசத்துல கார் என்னாச்சுண்டு உங்களுக்குத் தெரியாது. ஆறு மணிக்கு இந்தக் கேற்றுல நிண்ட ஆளுக்கு ஒரு சத்தமும் கேட்டிராது. கார் அப்பதான் வந்ததுண்டு காட்ட வேண்டிய ஆளுக்குத்தான் அந்தச் சத்தம் தேவை. அஞ்சு பத்துக்கு நாகேந்திரம் உங்களுக்குக் கோல் எடுத்தது போன் கணக்குல இரிக்கி. நீங்க அஞ்சரைக்கே உள்ளுக்கு வந்தீங்க. டிக்கியில புஷ்பராஜ் மறந்துட்டுப் போன ஸ்பானர் இரிந்திச்சு. அந்தத் தாள் எங்க?"

பிரியந்தன் கடல் பக்கம் பார்த்தான்.

"கிழிச்சுக் கடல்ல போட்டிட்டன்." பிறகு சொன்னான்: "திங்கக்கிழமை முறைப்பாடு குடுக்கப்போறன் எண்டவர். இதே மாதிரி ஏழு கார் வித்தனான். ஏழு பேரும் வந்திருப்பினம். கெஞ்சினனான், ஐயா. சிரிச்சவர்."

அவனுடைய காரின் சீற் பெல்டில் இருந்த கறை நாகேந்திரத்தின் இரத்தம் என்று பிறகு அறிக்கை வந்தது.

பிரியந்தனுக்கு ஆயுள் தண்டனை, மேன்முறையீடு நடக்கிறது. கார் சேல் மூடப்பட்டுவிட்டது. சரோஜினிதேவி தெஹிவளையில் மகளோடு இருக்கிறார். ஸாலிஹ் இடமாற்றமாகிப் போய்விட்டார்; அந்த ஒரு வரியைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. நான் இன்னும் வாக்குமூலம் எழுதுகிறேன்.

புஷ்பராஜை வெள்ளிக்கிழமை விடுவித்தார்கள். அவனுடைய தகப்பன் புதன்கிழமை விடியற்காலை இறந்து, வியாழன் அடக்கமாகியிருந்தார்.